சொந்தப் பல்

கொர்னேலியுஸ் தைக்ரோப் பல்லில்லாமல் தெருவில் கிடக்கிறான் என்பது பொலிவியாக் காட்டிலுள்ள ஃபிரீடால் குடியிருப்பில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். வருஷா வருஷம் பெந்தெகொஸ்தே நாளுக்கு முன்னால், ஞானஸ்நானம் எடுக்கப்போகிற இளசுகளை முன் பெஞ்சில் உட்காரவைத்து மூப்பர் பன்மான் அந்தக் கதையைச் சொல்லுவார். சபையை விட்டுப் போனான். சபை கூடாதென்ற ரப்பர் டயர் போட்ட லாரி வாங்கினான். இப்போது சாந்தா குரூஸ் நகரத்துப் பஸ் நிலையத்தில், மூத்திரச் சந்துக்குப் பக்கத்தில் குடித்துவிட்டுக் கிடக்கிறான். வாயில் ஒரு பல் இல்லை. பல் செட் வாங்கிக் கொடுக்க ஒரு நாதி இல்லை. நாய் வந்து வாயை நக்குகிறது. நாய் வருகிற இடத்தில் மூப்பரின் குரல் தழுதழுக்கும். பெண்கள் பக்கத்தில் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்கும்.

நாயைச் சேர்த்தது மூப்பர். மற்றதெல்லாம் இசாக் தைக்ரோப் சொன்னது. கூடப் பிறந்த அண்ணனே கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல்லும்போது வேறு சாட்சி எதற்கு?

அவன் கண்ணால் பார்த்தது வேறு. தம்பி போன மறு வருஷம், சீஸ் விற்கப் போன இடத்தில், சந்தைக்கு வெளியே அவனைப் பார்த்தான். லாரியில் சாய்ந்து நின்று வறுத்த கோழித் தொடையைக் கடித்துக்கொண்டிருந்தான் கொர்னேலியுஸ். கன்னம் உப்பிப்போய் மாப்பிள்ளை மாதிரி இருந்தான். "அண்ணே!" என்று ஓடிவந்து எண்ணெய்க் கையோடு கட்டிக்கொண்டான். இசாக் அழுதே விட்டான். ஊருக்குத் திரும்பியதும் வியாழக்கிழமைக் கூட்டத்தில் மூப்பர் கேட்டார், "எப்படி இருக்கான்?" என்று. அந்த வருஷம் மூன்று வாலிபர்கள் ஒருவர் பின் ஒருவராக ஓடிப்போயிருந்தார்கள். இசாக்கின் ஒரே மகள் அகனேதா, அப்போது எட்டு வயசு, தினமும் படலில் ஏறி நின்று, "சித்தப்பா போன ஊருக்கு நாமளும் போலாமாப்பா?" என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். போய்விடுவாள் இவள், என் கையை விட்டுப் போய்விடுவாள் என்று அவன் ராத்திரியில் எழுந்து எழுந்து அவள் படுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நல்லா இல்ல, ஐயா" என்றான். "குடிக்கிறான். வாயில ஒரு பல்லு இல்ல."

பல் என்று ஏன் வாயில் வந்தது என்று அவனுக்கே தெரியாது. ஃபிரீடாலில் யாருக்குத்தான் பல் இருக்கிறது? ஒன்று வலித்தால் ஒன்றைப் பிடுங்குவார் பல்லுக்கார ஃபேர். இரண்டாவது வலித்தால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மேலும் கீழும் செட் மாட்டிவிடுவார். பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முன்பே முடித்துவிடுவது வழக்கம். கட்டிக்கொண்டு போகிறவனுக்குப் பின்னால் தொந்தரவு இல்லை பாருங்கள். இசாக்குக்கு நாற்பத்தாறு வயசு. அவன் பேசும்போது செட் லேசாகத் தட்டிக்கொள்ளும். அந்த ஊரில் அதை யாரும் ஒரு குறையாக நினைப்பதில்லை. பல்லும் இல்லாமல் செட்டும் இல்லாமல் இருப்பவன்தான் அநாதை.

எட்டு வயசுக்காரிக்கு இப்போது பத்தொன்பது. நேட்டா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அப்பாவுக்கு ஈடாக இரும்புச் சக்கர டிராக்டர் ஓட்டுவாள், கன்றுக்குட்டியைத் தோளில் தூக்குவாள். மூப்பரின் கடைசி மகன் ஃபிரான்ஸுக்குப் பேசி முடித்திருந்தது. பெந்தெகொஸ்தே அன்று அவளுக்கு ஞானஸ்நானம், அடுத்த வாரம் கல்யாணம். அதற்கு முன்னால் வருகிற திங்கட்கிழமை பல்.

அந்தச் சனிக்கிழமை காலை பால் கறந்து முடித்த கையோடு அவள் ஆரம்பித்தாள்.

"வலிக்காத பல்ல எதுக்குப்பா புடுங்கணும்?"

"வலிக்கிற வரைக்கும் காத்திருப்பாங்களா? உங்கம்மா புடுங்கலையா? நான் புடுங்கலையா?"

"அதான் பாக்குறேனே. அம்மா கேரட்டத் துருவித்தானே திங்கிறாங்க."

"திங்கிறதுலயே இரு. ஃபிரான்ஸ் வீட்டுல கேட்டாச்சு. ஃபேர்கிட்டயும் சொல்லியாச்சு."

"ஃபிரான்ஸுக்கு என் பல்ல எண்ணிப் பாக்குறதத் தவிர வேற வேலை இல்லையாமா?"

இசாக்குக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். இந்த வாயோடு இவள் மூப்பர் வீட்டில் எப்படிக் குப்பை கொட்டப்போகிறாள் என்று கவலையாகவும் இருந்தது. ஆனாலும் ஆறு வீடு தள்ளித்தான் இருக்கப்போகிறாள். அதை நினைத்துத்தான் அவன் ராத்திரி தூங்குகிறான். ஆறு வீடு தள்ளி.

அந்த நேரத்தில்தான் வாசலில் லாரி வந்து நின்றது. சீஸ் ஏற்றுகிற பொலிவியாக்காரன் லாரி இல்லை. சிவப்பு லாரி, புதுசு. ரப்பர் டயரில் ஃபிரீடாலின் வெள்ளைப் புழுதி. கதவைத் திறந்துகொண்டு குதித்தவன் இரண்டு கையையும் விரித்தான்.

"அண்ணே! என்ன, தொப்பியெல்லாம் அதே தொப்பியா? மாத்தவே இல்லையா?"

நேட்டா பால் வாளியைக் கீழே வைத்தாள். வந்தவன் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே கிட்டப் போனாள். பன்னிரண்டு வருஷம் ஆனாலும் அந்தக் காது மடலும் அந்த நடையும் மாறவில்லை.

"சித்தப்பாவா?"

"அடிப்பாவி, நேட்டாவா நீ? லாம்ப் கம்பம் மாதிரி வளந்திட்ட!"

"சித்தப்பா, நீங்க பஸ் ஸ்டாண்டுல கிடக்கீங்களே."

"எந்த பஸ் ஸ்டாண்டுல?"

"நாய் நக்குதே உங்க வாய." அவள் இன்னும் கிட்ட வந்தாள். "கொஞ்சம் வாயத் தொறங்க சித்தப்பா."

அவன் விளையாட்டு என்று நினைத்து ஆவென்று திறந்து காட்டினான். மேலும் கீழும் எல்லாம் இருந்தது. முப்பத்தாறு வயசு ஆணின் வாயில் அத்தனை சொந்தப் பல்லை நேட்டா அதுவரை பார்த்ததில்லை. மூப்பரின் கதையை அவள் சொல்லச் சொல்ல கொர்னேலியுஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, லாரியில் கையால் அடித்து அடித்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு நான்கு வீட்டுக்குக் கேட்டது. ஜன்னல் திரைகள் விலகின.

"அடப்பாவிகளா! நான் வர்ற மாசம் கல்யாணம் பண்ணிக்கப்போறேன்டா. சாந்தா குரூஸ்காரி, பேரு மரிசோல். அண்ணன் இல்லாம எப்படிக் கல்யாணம்னு கூப்பிட வந்தா, நாயக் கட்டி வச்சிருக்கீங்களே எனக்கு!"

நேட்டா சிரிக்கவில்லை. அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"நீங்கதானேப்பா பாத்துட்டு வந்து சொன்னீங்க?"

இசாக் தம்பியின் கையைப் பிடித்தான். "போயிருடா. இப்பவே போயிரு. கல்யாணத்துக்கு வர்றேன், எல்லாத்துக்கும் வர்றேன், மொதல்ல வண்டிய எடு."

"ஒரு காப்பி கூடத் தராம அனுப்புறீங்களே. அண்ணியப் பாக்க வேணாமா?"

அப்போதே வண்டியை எடுத்திருந்தால் தப்பித்திருப்பான். அதற்குள் குதிரை வண்டிகள் வந்துவிட்டன. சனிக்கிழமை காலை ஞானஸ்நான வகுப்பு தொடங்குகிற நேரம். யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, மூப்பர் வகுப்பை விட்டுவிட்டு வந்திருந்தார், கூடவே ஃபிரான்ஸ், பல்லுக்கார ஃபேர், இன்னும் நான்கைந்து ஆண்கள்.

மூப்பர் பன்மான் கெட்ட மனுஷர் இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும். நோயாளி வீட்டுக்கு முதலில் போய் நிற்பவர் அவர்தான். ஆனால் கொர்னேலியுஸைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப்போயிற்று. கோபம் இருந்தால் கூடப் பரவாயில்லை, பயந்துபோயிருந்தார். இசாக்கைத் தொழுவத்துக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

"இசாக், பொய் யாரு சொல்றா? நீயா, இவன் வாயா?"

இசாக் தரையில் கிடந்த வைக்கோலைக் காலால் ஒதுக்கினான்.

"இவன் கெட்டுச் சீரழிஞ்சு வந்திருந்தா நானே கோழியடிச்சுச் சோறு போட்டிருப்பேன். அழுதுகிட்டே சேத்துக்கிட்டிருப்பேன். இப்படிக் கொழுத்துப்போய் வந்து நிக்கிறானே. வகுப்புல பதினாலு புள்ளைங்க இருக்கு. அதுங்க நாளைக்கு என்னக் கேக்கும். டயரும் வேணாம், கரண்டும் வேணாம், பல்லு கூட வேணாம்னு இருக்கோமே, எதுக்குன்னு கேக்கும். நான் என்ன சொல்ல? எங்கப்பா, எங்க தாத்தா, நாடு விட்டு நாடு ஓடி வந்து இந்தக் காட்டுல செத்தாங்களே. எதுக்குன்னு நான் என்ன சொல்ல?" அவர் வெளியே கை காட்டினார். "உம்பொண்ணு எப்படிப் பாத்துக்கிட்டு நிக்கிறா பாத்தியா? ஒரு நா தங்குவாளா இங்க?"

இசாக் எட்டிப் பார்த்தான். நேட்டா லாரியின் படியில் ஒரு காலை வைத்து ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா ஏதோ சொல்ல, அவள் இப்போது சிரித்தாள். படலில் ஏறி நின்ற எட்டு வயசுக்காரியின் அதே முகம்.

"நீ பொய் சொல்லல, இசாக்" என்றார் மூப்பர், குரலை ரொம்பத் தாழ்த்தி. "நீ பாத்தது நிஜம். கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்ட, அவ்வளவுதான்."

அவர் பார்வை வெளியே நின்ற ஃபேரின் மேல் போயிற்று. ஃபேர் எங்கே போனாலும் இடுப்பில் குறடு வைத்த தோல் பையோடுதான் போவார். நான் பொய் சொன்னேன் ஐயா என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி. இசாக் சொல்லவில்லை.

கை ஓங்கக் கூடாது என்பது சபையின் முதல் சட்டம். பட்டாளத்துக்கு ஆள் தர மாட்டோம் என்று நாலு நாட்டை விட்டு ஓடி வந்த ஜனம் அது. அடிக்க அவர்களுக்குத் தெரியவே தெரியாது. மாட்டை விழுத்தாட்டத் தெரியும்.

ஃபிரான்ஸ் பின்னாலிருந்து கயிற்றைப் போட்டான். கொர்னேலியுஸ் முதலில் அதையும் விளையாட்டு என்றுதான் நினைத்தான். கயிறு இறுகியதும் திரும்பி ஒரு குத்து விட்டான். லாரிக்காரர்களோடு பழகிய கை அது. ஃபிரான்ஸின் மூக்கு உடைந்த சத்தம் தொழுவத்துக்குள் கேட்டது. இன்னொருவன் வயிற்றில் முழங்காலால் இடித்தான், அவன் பால் வாளியின் மேல் விழுந்து வாந்தியெடுத்தான். ஆனால் ஆறு பேருக்கு ஒருத்தன் என்ன செய்வான்? முன்னங்காலும் பின்னங்காலும் சேர்த்துக் கட்டுகிற அதே முடிச்சுப் போட்டு அவனைத் தரையில் சாய்த்தார்கள். ஒருவன் மார்பில் உட்கார்ந்தான், இருவர் தொடையில். ஒருவரும் அடிக்கவில்லை. ஒரு அறை கூட இல்லை. கேட்டால் இன்றைக்கும் அதைத்தான் சொல்வார்கள்.

"நேட்டா, உள்ள போ!" என்று இசாக் கத்தினான். அதற்குள் அவன் மனைவி லேனா ஓடிவந்து மகளை இழுத்துக்கொண்டு போய் அடுப்படியில் தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள். கதவு அதிர்ந்துகொண்டே இருந்தது.

"ஊசி வீட்டுல இருக்கு" என்றார் ஃபேர். அழுகிற குரல். "ஊசி போடாம எப்படி ஐயா?"

"நேரமில்ல."

"தலைய யாராவது புடிக்கணும். ஆடுனா தாடை உடைஞ்சிரும்."

எல்லாரும் இசாக்கைப் பார்த்தார்கள். அவன் மண்டியிட்டு, தம்பியின் தலையை இரண்டு தொடைகளுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டான். சின்ன வயசில் பேன் பார்க்க அம்மா அப்படித்தான் இருவரையும் இடுக்கிக்கொள்வாள். ஒரு மரத் துண்டைப் பக்கவாட்டில் கொடுத்து வாயைத் திறந்து வைத்தார் ஃபேர்.

முதல் பல்லுக்கு கொர்னேலியுஸ் கத்தினான். இரண்டாவதுக்கு, "அண்ணே, என்னண்ணே பண்றீங்க" என்றான். மரத் துண்டு இடிக்க, ரத்தம் தொண்டையில் இறங்க, அது வார்த்தையாகவே வரவில்லை, ஆனாலும் இசாக்குக்கு விளங்கியது. மூன்றாவது பல் வேரோடு வராமல் பாதியில் முறிந்தது. குறடு எலும்பில் உரசுகிற சத்தம் இசாக்கின் தொடை வழியாக ஏறி அவன் செட்டுக்குள் கிடுகிடுத்தது. சூடான ரத்தம் அவன் பேண்ட்டை நனைத்தது. தம்பி துள்ளத் துள்ள அவன் இன்னும் இறுக்கினான். பாவி, ஆடாம இருடா, ஆடுனா தாடை போயிரும் என்று காதருகில் கெஞ்சினான். அன்பாகத்தான் கெஞ்சினான். அதுதான் அந்தக் காலையின் கேவலங்களிலேயே பெரிய கேவலம். கடைவாய்ப் பற்களுக்கு வரும்போது கொர்னேலியுஸ் மயங்கிவிட்டான். ஃபேர் ஒவ்வொன்றாகப் பால் வாளியில் போட்டார். அழுதுகொண்டே, ஆனால் கை நடுங்காமல் செய்தார். கொஞ்சம் பால் மிச்சமிருந்தது, அது சிவந்துபோனது.

முடிந்ததும் அவனைச் சபைக் கோயில் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் குதிரை கட்டுகிற கம்பத்தில் சாய்த்து உட்காரவைத்தார்கள். லாரியையும் ஒருவன் தடுமாறித் தடுமாறி ஓட்டிவந்து பக்கத்தில் நிறுத்தினான். அதுவும் காட்சிக்கு வேண்டுமாம். வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக வெளியே வரச் சொன்னார் மூப்பர். நேட்டாவும் அந்த வகுப்புதான், அவளும் வரவேண்டும் என்றார். லேனா தாழ்ப்பாளைத் திறந்து, மகள் கையைப் பிடித்துக் கொண்டுவந்து வரிசையின் கடைசியில் நிறுத்தினாள். கதவை இடித்து இடித்து அவள் கைகள் வீங்கியிருந்தன.

"பாருங்க" என்றார் மூப்பர். "பன்னெண்டு வருஷம் முன்னாடி சபைய விட்டுப் போனவன். நான் சொன்னேன்ல? பல்லு இருக்கா பாருங்க."

பிள்ளைகள் பார்த்தார்கள். கம்பத்தடியில் கிடந்த மனுஷனின் தாடி முழுக்க ரத்தம், கீழே ஒரு சின்னக் குட்டையாகத் தேங்கிக்கொண்டிருந்தது. ஈ மொய்த்தது. முன்னால் நின்ற ஒரு பெண், பதினேழு வயசு இருக்கும், மெதுவாகக் கேட்டாள்:

"ரத்தம் இன்னும் சொட்டுதே, ஐயா."

ஃபிரான்ஸ் தன் மூக்கில் துணியை வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

நேட்டா வரிசையை விட்டு வெளியே வந்தாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து சித்தப்பாவின் வாயைத் துடைத்தாள். பிறகு கன்றுக்குட்டியைத் தூக்குகிற மாதிரியே அக்குளில் கை கொடுத்து அவனைத் தூக்கி, இழுத்து, லாரிக்குள் ஏற்றினாள். அவள் என்ன செய்கிறாள் என்று ஆண்களுக்கு உறைப்பதற்குள் சுற்றிப்போய் ஓட்டுகிற பக்கம் ஏறிவிட்டாள். இசாக்தான் முதலில் ஓடினான். கதவைப் பிடித்துக்கொண்டான்.

"எறங்கு! நேட்டா, எறங்குடி! சொல்றதக் கேளு!"

அவன் கை பட்ட இடமெல்லாம் கதவில் ரத்தம் ஒட்டியது. அவள் அதைப் பார்த்தாள், அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தாள். முகத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டி வாயை அகலத் திறந்தாள்.

"புடுங்குங்க."

"நேட்டா..."

"புடுங்கிட்டு விடுங்கப்பா. வெளிய இருக்கவங்க யாருக்கும்தான் பல்லு கெடையாதே. நானும் போறேன்ல. பின்னாடி வந்து தேடிப் புடிச்சுப் புடுங்குறதுக்கு இப்பவே புடுங்கிருங்க. தலைய நீங்க புடிச்சுக்குங்க, ஃபேர் மாமா பக்கத்துலதான் நிக்கிறாரு."

அவள் கிண்டல் பண்ணவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தாள். இல்லை, உனக்கு அப்படிச் செய்ய மாட்டேன் என்று சொல்லத்தான் இசாக் வாயைத் திறந்தான். சொன்னால் அவள் நம்ப மாட்டாள். அவனே நம்பவில்லை. இவளை ஊரில் நிறுத்திவைப்பதற்காக ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எதைச் செய்தானோ அதை இவளுக்கும் செய்வான். கதவிலிருந்து கையை எடுத்தான்.

வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்தது. ஃபிரான்ஸ் மறுபக்கப் படியில் தொற்றினான். குதிரைக் கம்பத்தை முறித்துக்கொண்டு லாரி திரும்பிய வேகத்தில் அவன் தெறித்து விழுந்தான். தோள் எலும்பு இறங்கிவிட்டது. கட்டியிருந்த குதிரை ஒன்று மிரண்டு, வண்டியோடு பள்ளத்தில் உருண்டு, காலை முறித்துக்கொண்டு கத்தியது. அதைக் கோடாரியால் அடித்துக் கொல்ல வேண்டியிருந்தது. மூப்பர் பிள்ளைகளைப் பாட்டுப் பாடச் சொன்னார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

லேனா அதற்கப்புறம் புருஷனோடு பேசவில்லை. சாப்பாடு வைப்பாள், துணி துவைப்பாள், அவ்வளவுதான். எவளுக்காகப் பயந்து தாழ்ப்பாள் போட்டாளோ, எவளைத் தன் கையாலேயே கொண்டுபோய் வரிசையில் நிறுத்தினாளோ, அவள் போய்விட்டாள். லேனா தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மூன்றாம் வாரம் மூப்பர் இசாக்கைக் கூப்பிட்டனுப்பினார். "உம்பொண்ணப் போய்ப் பாத்துட்டு வா. எப்படி இருக்கான்னு பெந்தெகொஸ்தே அன்னைக்கு நீதான் சபையில சொல்லணும். நீ சொன்னாத்தான் எடுபடும்."

சீஸ் லாரியில் ஏறிப் போனான். வழி நெடுக மனசின் ஒரு மூலை, அவள் கெட்டுப்போயிருக்கட்டும் கர்த்தாவே என்று வேண்டிக்கொண்டே வந்தது. பெற்ற தகப்பன் அப்படி வேண்டுவானா என்றால், வேண்டினான். கெட்டுப்போயிருந்தால் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். கெட்டுப்போயிருந்தால் அவன் செய்தது எல்லாம் ஏதோ ஒன்றுக்காவது ஆகும்.

தம்பியின் லாரிக் கொட்டகையைக் கண்டுபிடித்து எதிர்ப்புறம் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றான். கொர்னேலியுஸ் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கன்னம் குழி விழுந்திருந்தது. ஒரு பெண் கிண்ணத்தில் எதையோ கலக்கி அவனுக்கு ஊட்டினாள். அவள்தான் மரிசோலாக இருக்கும். இசாக் கண்ணைத் திருப்பிக்கொண்டான். அப்புறம் நேட்டா வந்தாள். கையில் ஒரு முழக் கரும்பு. ஒரு டிரைவரை ஏதோ திட்டிக்கொண்டே, கரும்பைப் பல்லால் கடித்து, நார் நாராக உரித்து, மென்று, தரையில் துப்பினாள். அந்த டிரைவர் பதிலுக்கு ஏதோ சொன்னான். அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். இசாக் தெருவைக் கடக்கவில்லை. அந்த முகத்தின் எதிரில் போய் நிற்க அவனுக்குத் தைரியம் இல்லை.

பெந்தெகொஸ்தே அன்று கோயில் நிரம்பி வழிந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் எதிர்ப் பக்கம், ஆண்களின் தொப்பிகள் தலைக்கு மேல் கொக்கிகளில் வரிசையாக. முன் பெஞ்சில் வகுப்புப் பிள்ளைகள். பதினாலில் இரண்டு இடம் காலி. நேட்டாவின் இடம் ஒன்று. ரத்தம் சொட்டுகிறதே என்று கேட்ட அந்தப் பெண்ணின் இடம் இன்னொன்று. ஃபிரான்ஸ், கோணிப்போன மூக்கோடு, கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கப்போட்டுக்கொண்டு இரண்டாம் வரிசையில் இருந்தான்.

"சகோதரன் இசாக் போய்ப் பாத்துட்டு வந்திருக்கார்" என்றார் மூப்பர். "சொல்லுங்க சகோதரா. எப்படி இருக்கா?"

இசாக் எழுந்தான். வார்த்தைகள் தயாராக நாக்கில் இருந்தன. பஸ் நிலையம், குடி, இன்னும் பெண் என்பதால் ஒன்றிரண்டு கூடுதலாக. சொன்னால் சபை அழும், அவனைத் தட்டிக்கொடுக்கும், வருஷா வருஷம் அவளைப் பற்றி முன் பெஞ்சுக்குச் சொல்லும். என் நேட்டாவைப் பற்றி. இவர்கள் வாயால். அங்கேதான் அவனுக்கு இடித்தது. பரிசுத்தமும் இல்லை, மனந்திரும்புதலும் இல்லை, வெறும் ரோஷம். எம்பொண்ணையா? கரும்பை அப்படிக் கடிக்கிறவளையா?

"நல்லா இருக்கா" என்றான்.

மூப்பர் காது கேட்காதவர் போல முன்னால் சாய்ந்தார். "யோசிச்சுச் சொல்லுங்க, சகோதரா."

"யோசிச்சுத்தான் சொல்றேன். நல்லா இருக்கா. ஒடம்பு தேறியிருக்கு. எல்லாப் பல்லும் இருக்கு. கொர்னேலியுஸும் நல்லாத்தான் இருந்தான், நான்தான் பொய் சொன்னேன். பல்லு நாம புடுங்கினது. தலைய நான்தான் புடிச்சேன்."

ஃபிரான்ஸ் பெஞ்சைத் தாண்டி வந்தான். நல்ல கையால், கொர்னேலியுஸிடம் வாங்கிய அதே குத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தான். அந்தக் கோயிலில் விழுந்த முதல் குத்து அதுவாகத்தான் இருக்கும். இசாக்கின் செட் இரண்டாகப் பிளந்து வெளியே தெறித்தது. அவன் சுவரில் மோதி, கொக்கிகளோடு தொப்பிகளெல்லாம் அவன் மேல் கொட்ட, கீழே விழுந்தான். அப்புறம் யாரும் மாட்டைச் சாய்க்கிற முடிச்சை யோசிக்கவில்லை. பூட்ஸ் கால்கள் விலாவில் விழுந்தன. யாரோ மார்பில் ஏறி உட்கார்ந்து வாயைப் பொத்தினார்கள். மூப்பர், "வேணாம், வேணாம்" என்று கத்திக்கொண்டிருந்தார். கைகள் நிற்கவில்லை. முன் பெஞ்சில் பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோயிலுக்குள் பெண்கள் வாயைத் திறக்கக் கூடாது. பிறந்ததிலிருந்து அங்கே பாட்டைத் தவிர வேறெதற்கும் வாயைத் திறக்காத லேனா, எதிர்ப் பக்கத்திலிருந்து எழுந்தாள்.

"ஏங்க!"

எல்லாரும் திரும்பினார்கள். உதைத்த கால்கள் கூட ஒரு நொடி நின்றன.

"நெசமாவே பாத்தீங்களா? சிரிச்சாளா அவ?"

இசாக் தன் வாயைப் பொத்தியிருந்த கையைக் கடித்தான். கடிக்கப் பல் இல்லை, வெறும் ஈறுதான், ஆனாலும் அந்தக் கை பயந்து விலகியது.

"சிரிச்சா, லேனா" என்றான்.